வியாழக்கிழமை ஜீப்

எனக்குப் போனில் பேசவே பிடிக்காது. ஆனால் பிழைப்பு போனில்தான். மூணாற்றில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு அறை கொடுப்பது பாதி வேலை, ஜீப் பிடித்துக் கொடுப்பது மீதி வேலை. இரண்டு பேராக வந்தவர்களையும் மூன்று பேராக வந்தவர்களையும் பேசிச் சேர்த்து ஒரே ஜீப்பில் ஏற்றி, விடியும் முன்னே மலை முகட்டுக்கு அனுப்ப வேண்டும். மேகம் மூடிவிட்டால் திரும்பி வந்து என்னிடம் சண்டைக்கு நிற்பார்கள், சூரியனை நான்தான் மேசைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிற மாதிரி. அதற்கும் பல்லைக் காட்டிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த பிறகு வீட்டுக்கு வந்தும் போன்தான். அக்கா தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவள். அத்தான் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கட்டியவனோடு ஒத்துவராமல் நானும் அவளிடமே வந்து ஒட்டிக்கொண்டேன். எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு அவள் பேரில், அதாவது அவள் வேலையின் பேரில். வேலை போனால் வீடும் போகும். ஆகவே கட்டியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

முதலில் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கிருந்து மூணாறு. மூணாற்றிலிருந்து ஸ்கேனுக்கு வேறு ஊர். சதையை எடுத்துச் சோதிக்க இன்னோர் ஊர். கடைசியில் மலையிறங்கி, கீழே பெரிய ஆஸ்பத்திரி. போன இடத்திலெல்லாம் கதையை முதலிலிருந்து கேட்பார்கள். எப்போது பார்த்தீர்கள், எந்தப் பக்கம், அம்மாவுக்கு இருந்ததா? ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழியுமில்லை. ஸ்கேன் டாக்டர் திங்கட்கிழமை மட்டும் வருவார். பெரிய டாக்டர் பார்ப்பதும் திங்கட்கிழமை மட்டும். ஸ்கேன் இல்லாமல் அவர் பார்க்க மாட்டார். இந்த முடிச்சை அவிழ்க்க நான் போட்ட போன்களில் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போயிற்று. இதைச் சொன்னால் அக்கா, "உனக்குத்தான் பேச்சு நல்லா வருமே, பேசேன்" என்பாள். வாயில் ஏதாவது வந்துவிடும் என்று எழுந்து வெளியே போய்விடுவேன்.

மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை. மருந்தில் கட்டி சுருங்க வேண்டும், சுருங்கியதும் அறுவை சிகிச்சை. இடையில் நாள் தள்ளிப்போகக் கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். என் தலையில் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. நாள் தள்ளக் கூடாது. அக்காவோ லயத்தில் எல்லாரிடமும், திருச்செந்தூருக்கு நேர்ச்சை, மாசாமாசம் போகணும் என்று சொல்லி வைத்திருந்தாள். முருகன் பேரைச் சொல்லிப் பொய் சொல்கிறாளே என்று எனக்குத்தான் பயமாக இருந்தது.

இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ, பெரிய ஆஸ்பத்திரியில் காலை ரத்தம் எடுக்கும் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் தலையில் துண்டு கட்டிய ஒரு அம்மாள். திரும்பினாள். எங்கள் எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெஷ் ஆயா. பக்கத்து லயம், முறைக்கு மதினி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் வெறித்துப் பார்த்தார்கள்.

"நீ திருச்செந்தூருக்குல்ல போயிருக்கேன்னாக" என்றாள் மதினி.

"நீங்க போடியில மக வீட்டுக்குப் போறேன்னு சொன்னிகளே மதினி."

"இதான் என் மக வீடு. நீ உன் முருகனைக் கும்பிட்டு முடிச்சிட்டியா?"

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். மதினியும் சிரித்தாள். வரிசையில் நின்றவர்கள் இது என்ன பைத்தியங்கள் என்று பார்த்தார்கள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் கூடத்தின் மூலையில் இன்னொருவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அண்ணாச்சி. கன்னத்தில் புண். மதினி அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "அண்ணாச்சி, நீங்க எந்தக் கோயிலுக்குன்னு சொல்லிட்டு வந்திய?"

ஒரே எஸ்டேட்டிலிருந்து மூன்று பேர், மூன்று வண்டியில், ஒருவருக்கொருவர் தெரியாமல் இத்தனை மலையும் இறங்கி வந்திருக்கிறோம். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊர் பேர் தெரியாதவர்களையெல்லாம் சேர்த்து ஒரே ஜீப்பில் ஏற்றுகிறவள் நான். என் சொந்த லயத்தில் எனக்குத் தெரியாமல் இப்படி ஒரு கூத்து நடந்திருக்கிறது.

அன்றைக்கே மருந்து ஏற்றும் வார்டு சிஸ்டரிடம் போய் நின்றேன். கண்டிப்பான அம்மாள், ஆனால் காது கொடுத்துக் கேட்பாள். மலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே நாளாகக் கொடுங்கள், ஒரே ஜீப்பில் வந்துவிடுவோம் என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். சிஸ்டர் டாக்டரிடம் பேசினாள். மூன்று பேருக்கும் மருந்து வேறு, ஆனால் இடைவெளி ஒன்றுதான். முன்பின்னாக இருந்த தேதிகளை நகர்த்தி ஒரு வியாழக்கிழமையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எங்கள் விடுதிக்கு வண்டி ஓட்டும் டிரைவர் தம்பி, சுற்றுலாக்காரர்களை விட்டுவிட்டு அந்த வியாழக்கிழமைகளை எங்களுக்கென்று ஒதுக்கினான்.

அந்தப் பயணங்களைச் சந்தோஷம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் இருந்தது. வளைவுக்கு வளைவு யாராவது வாந்தி எடுப்பார்கள். டிரைவர் தம்பி எலுமிச்சம்பழம் வைத்திருப்பான், ஆளுக்கொரு முறை முகர்ந்துவிட்டுக் கை மாற்றுவார்கள். அண்ணாச்சியிடம் போனால் திரும்பாது. "ஃபேக்டரியில நாள்பூரா தேயிலையை மோந்து மோந்து மூக்கு செத்துப்போச்சு, எனக்குக் கூடுதல் நேரம் வேணும்" என்பார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. மதினி ஃபிளாஸ்கில் கஞ்சி கொண்டுவருவாள். பெண்கள் இருவருக்கும் முடி கொட்டியது. வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் எப்போதும் தலையில் துண்டு கட்டியிருப்பதால் எஸ்டேட்டில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் மூன்று பேரும் சேர்ந்து போவது தெரிந்ததும் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. பயந்தபடி வேலையிலிருந்து பேரை வெட்டவில்லை. சூப்பர்வைசர் தன்மையாகவே நடந்துகொண்டார்.

இங்கே ஃபீல்டில் ஒரு பழக்கம் உண்டு. ஆளுக்கொரு நிரை, அதாவது செடி வரிசை, பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டே போவார்கள். தன் நிரையை முதலில் முடித்தவள் நேரே நிறுக்கப் போய்விட மாட்டாள். பின்தங்கியவளின் நிரையில் எதிர்ப்பக்கமிருந்து எடுத்துக்கொண்டு வருவாள். நடுவில் இரண்டு பேரும் சந்தித்து நிரையை முடித்த பிறகுதான் எல்லாரும் சேர்ந்து கூடையை இறக்குவார்கள். அக்கா நடக்க முடியாமல் நின்ற நாட்களில் அவள் நிரையை மற்றவர்கள் இப்படித்தான் முடித்தார்கள். யாரும் இதைப் பெரிய உதவியாகச் சொல்லிக் காட்டியதில்லை. சிறு வயதிலிருந்து பார்ப்பதால் எனக்கும் அது பெரிதாகத் தெரிந்ததில்லை.

பிறகு மழைக்காலம் வந்தது. அந்த வியாழக்கிழமையும் நல்ல மழை. காலையில் மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். சாப்பிட ஏதாவது வாங்கி வரலாம் என்று நான் கேன்டீனுக்குப் போனேன். கூட்டம் நெரிந்தது, நின்று வாங்கி வர நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால் வார்டில் ஒருவரையும் காணவில்லை. எங்கள் மூன்று படுக்கைகளில் வேறு யாரோ படுத்திருக்கிறார்கள். பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மூன்று பேரும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், நனைந்த கோழிகள் மாதிரி.

"என்னாச்சு?"

"மதினிக்கு ரத்தத்துல அணு கொறஞ்சிருக்காம். இன்னைக்கு ஏத்த மாட்டாகளாம், அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லிட்டாக" என்றாள் அக்கா.

"சரி. உனக்கு?"

"எனக்கு நல்லாத்தான் இருக்காம்."

"அப்புறம் இங்க ஏன் உக்காந்திருக்க?"

"நாங்களும் அடுத்த வாரமே ஏத்திக்கிடுதோம்னு சொல்லிட்டு வந்துட்டோம்."

எனக்குப் புரியவே இல்லை. அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

"என்னளா முழிக்க? நாங்க ரெண்டு பேரும் இன்னைக்கு ஏத்திட்டா மதினிக்கு நாள் தனியாப் போயிரும்லா? அப்புறம் அவுக ஒத்தையில எப்படி வருவாக? ஜீப்புக்கு எங்க போவாக? நீதான ஒரே நாளா வேணும்னு சிஸ்டர்கிட்ட சண்டை போட்டு வாங்குன" என்றாள் அக்கா.

"நான் வேணாம்னுதான் சொன்னேன், கேட்டாத்தான" என்றாள் மதினி முணுமுணுப்பாக.

அங்கே நின்று நான் கத்திய கத்தலை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. "இது என்ன கொழுந்தா? உடம்புக்குள்ள இருக்கிறதுக்கு உன் மதினியைத் தெரியுமா, அண்ணாச்சியைத் தெரியுமா? அது காத்துக்கிட்டு இருக்குமா? உங்களுக்கெல்லாம் மூளையே கிடையாதா?" மழையில் நின்று கத்தினேன். காவலாளி குடையோடு வந்து பார்த்துவிட்டுப் போனான். அக்கா மடியில் கையை வைத்துக்கொண்டு, நிரை முடிந்து நிறுவைக்குக் காத்திருக்கிறவள் போல் உட்கார்ந்திருந்தாள்.

நான் உள்ளே ஓடினேன். சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஆரு பறஞ்ஞு இறங்கிப் போகான்? ஞான் விசாரிச்சு நிங்களாணு விளிச்சதெந்நு." யார் போகச் சொன்னது, நீதான் கூப்பிட்டாய் என்று நினைத்தேன் என்றாள். படுக்கைகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்தாயிற்று. அன்றைக்கு இனி இடமில்லை. ஒரு வாரம்தானே, பரவாயில்லை, அடுத்த வியாழன் கட்டாயம் கூட்டி வா என்று அனுப்பினாள்.

ஒரு வாரம்தான். ஆனால் அடுத்த வியாழனுக்கு முன்னே மலை சரிந்தது. அடிமாலிக்குப் போகும் வழியில் மண்ணும் பாறையும் ரோட்டை மூடிக்கொண்டன. போடி வழியாகச் சுற்றிக்கொண்டு போகலாம் என்றால் அந்தப் பக்கமும் மரம் விழுந்து கிடந்தது. அது திறந்தபோது அக்காவுக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டபோது மறுபடி மழை. விடுதியில் ஆளே இல்லாமல் நான் மேசையில் உட்கார்ந்து ரோடு திறந்ததா திறந்ததா என்று எல்லா டிரைவர்களுக்கும் போன் போட்டு உயிரை வாங்கினேன். ஒருவழியாக நாங்கள் கீழே போய்ச் சேர்ந்தபோது, ஒரு வாரம் என்றது ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மதினிக்கு அணுக்கள் ஏறியிருந்தன. அண்ணாச்சிக்கும் மோசமில்லை. அக்காவை டாக்டர் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. சுருங்கிக்கொண்டிருந்தது திரும்பவும் பெரிதாகிவிட்டது. அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம், மருந்தை மாற்றிப் பார்க்கலாம் என்றார். நாள் தள்ளியதால்தானா என்று கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, சிலருக்கு மருந்து கேட்காமலும் போகும் என்றார். நல்ல மனிதர். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு சிஸ்டரும் நானும் ஒரு ஏற்பாடு செய்தோம். ரத்தத்தைக் கீழே வந்து கொடுக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமையே மூணாற்றில் கொடுத்துவிட வேண்டும். முடிவு சிஸ்டருக்கும் எனக்கும் போனில் வரும். யாருக்குக் குறைந்திருக்கிறதோ அவர் அந்த வாரம் ஜீப்பில் ஏறக்கூடாது. தேறியதும் அவரைத் தனியாகக் கூட்டி வருவது என் பொறுப்பு. அதற்கும் டிரைவர் தம்பி சரி என்றான். இதையெல்லாம் முதலிலேயே யாராவது யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். எல்லாருக்கும் அவரவர் வேலையே தலைக்கு மேல் கிடந்தது.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. ஒருவருக்குக் குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் மற்ற இரண்டு பேரும் நாளைத் தள்ளிப்போடத்தான் பார்ப்பார்கள். திட்டியெல்லாம் திருத்த முடியாத ஜென்மங்கள். அடுத்த முறை மதினிக்குத்தான் மறுபடி குறைந்தது. முதல் நாளே அவள் வீட்டுக்குப் போய், விடியும்போது வெளியே தலை காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வியாழக்கிழமை அக்கா கேட்டாள்: "மதினி எங்க?"

"போடிக்குப் போயிருக்காக. மக கூப்பிட்டாளாம்."

அக்கா மதினியின் லயத்தைப் பார்த்தாள். மதினி வீட்டுக் கூரைக்கு மேல் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியும் பார்த்தார்.

"மக வீட்டுக்குத்தான? போயிட்டு வரட்டும்" என்றாள் அக்கா. ஏறி ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து எங்கள் ஜீப்புக்கு அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஒருமுறை அண்ணாச்சி போடிக்குப் போனார். அவருக்கு அங்கே ஒரு சொந்தமும் கிடையாது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி நிற்காமல் போயிற்று.

பிறகு அக்கா போடிக்குப் போகும் முறை அடிக்கடி வந்தது. புது மருந்து அவளைப் போட்டு உலுக்கியது. கடைசியில் சிஸ்டர் போனில், இனி கீழே கொண்டு வந்து அலைக்கழிக்க வேண்டாம், வீட்டுக்கே பாலியேட்டிவ் ஆட்கள் வந்து வலிக்கு மருந்து கொடுப்பார்கள், நான் பேசிவிட்டேன் என்றாள். வந்தார்கள். முதல் முறையாக, வந்தவர்கள் கதையை முதலிலிருந்து கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தே வந்திருந்தார்கள். இத்தனை நாள் நான் தொண்டை கிழியக் கேட்டது இதைத்தான். அது இப்போது வந்து என்ன செய்ய என்று அடுப்படியில் நின்று அழுதேன்.

அக்காவிடம் ஒருநாள் கேட்டே விட்டேன். "அன்னைக்கு ஏன் இறங்கி வந்த? உனக்கு உயிர் பெருசாத் தெரியலையா?"

"மதினி முகத்தைப் பார்த்தேன். வேற ஒண்ணும் தோணலை. நீ அங்க இருந்திருந்தா என்னைப் போட்டு அடிச்சாவது படுக்க வச்சிருப்ப" என்றாள். பிறகு, "வண்டியை மட்டும் நிறுத்திராத" என்றாள். எனக்கு இன்னும் அவள்மேல் கோபம்தான். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைக்க என்றும் தெரியவில்லை.

அவள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரிலிருந்து மகன் வந்து எல்லாம் செய்தான். அடுத்த வியாழக்கிழமை நான் எழுந்திருப்பதாகவே இல்லை. ஆனால் இருட்டோடு வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. டிரைவர் தம்பி கதவைத் திறந்துவிட்டான். உள்ளே மதினி இருந்தாள், அவளுக்கு மருந்து முடிந்து இப்போது பரிசோதனை மட்டும். அண்ணாச்சியும் இருந்தார். எலுமிச்சம்பழம் அவர் கையில்.

எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் புதிதாக ஒரு பெண்ணை ஏற்ற வேண்டியிருந்தது. சின்ன வயசு. அவளுக்கு அன்றுதான் முதல் மருந்து. தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றிருந்தாள். ஒரு காலை வண்டியில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். ஏறவா வேண்டாமா என்ற பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"இந்த வண்டியில ஒரு அக்கா வருவாகளாமே, அவுகளுக்கும் எனக்கு மாதிரியே மாருலதானாம். அவுககிட்ட கேட்டுக்கிடலாம்னு எங்க அம்மா சொல்லிச்சு. அவுக வரலையா?"

மேல் டிவிஷனுக்குச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. மதினி குனிந்து ஃபிளாஸ்கின் மூடியைத் திருகினாள். அண்ணாச்சி வெளியே பார்த்தார். நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தேன்.

"அவ போடிக்குப் போயிருக்கா. நீ ஏறு."

ஏறினாள். ஜன்னலோரம் காலியாக இருந்தது, அதில் உட்கார்ந்தாள். அண்ணாச்சி முகர்ந்துகூடப் பார்க்காமல் எலுமிச்சம்பழத்தை அவளிடம் நீட்டினார். நான் கதவைச் சாத்தினேன்.